விடுதலைச் சான்று கையில் வரும் வரை

என் அக்காவும் மாமாவும் இரண்டு பிள்ளைகளோடு இரண்டு வருடம் எட்டு மாதம் ஒரு கரிமூட்டத்தில் கொத்தடிமையாக இருந்தார்கள். போன வருடம் மாசி மாதம் அவர்களை மீட்டோம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் எந்த மாவட்டம், யார் முதலாளி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஆனால் எந்த ஆபீஸுக்கு முதலில் போக வேண்டும், மனுவில் என்ன இருக்க வேண்டும், எந்தக் காகிதம் இல்லாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது என்பது எங்களுக்கு அடிபட்டுத்தான் தெரிந்தது. இன்னொரு வீட்டுக்கு அந்த அடி விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருளர், விழுப்புரம் மாவட்டம். நான் ஆறு வருடமாகத் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரி 9ஆம் தேதியும் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினம் என்று அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள். ஒரு வருடம் அந்த உறுதிமொழியை நானே டைப் செய்து நாற்பது காப்பி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் அக்கா எங்கே இருந்தாள் என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அவள் வேலைக்குப் போயிருக்கிறாள், கொஞ்சம் கஷ்டம்தான், தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொத்தடிமை என்ற அந்த வார்த்தைக்கும் என் அக்காவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமாவின் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். சவுக்கு வெட்டு வேலை, ஆறு மாதத்தில் கழிந்துவிடும் என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினார். இறக்கிவிட்டது வேறு மாவட்டத்தில், வேலிக்காத்தான் காட்டில். மரத்தை வெட்டி, துண்டு போட்டு, நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு ஈரமண் பூசி மூடி நெருப்பு வைக்க வேண்டும். அப்புறம் நான்கைந்து நாள் ராத்திரி பகலாகக் காவல் இருக்க வேண்டும். புகை வெள்ளையாக வரும்போது ஒன்றுமில்லை, நீலமாக மெலிந்து வந்தால் உடனே ஓட்டையை அடைக்க வேண்டும், தூங்கிவிட்டால் மொத்தமும் சாம்பல், அந்தச் சாம்பலும் அக்கா கணக்கில்தான் ஏறும். வாரச் செலவுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய். நாங்கள் மீட்கும்போது முதலாளி நோட்டில் பாக்கி 62,000 ரூபாய் என்று எழுதியிருந்தது.

ஒருநாள் ராத்திரி, மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் போனிலிருந்து அக்கா பேசினாள். "தம்பி, மாமாவ அடிச்சிட்டாங்கடா, ஒரு காது கேக்கலங்கறாரு" என்றாள். அதற்குள் போனை வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். "அட்வான்ஸ் வாங்கினீங்களா?" என்றார்கள். வாங்கினோம் என்றோம். "அப்ப கொடுத்துட்டு கூட்டிட்டுப் போங்க, இது கொடுக்கல் வாங்கல், இதுல நாங்க தலையிட முடியாது" என்றார்கள். எங்கள் எதிரிலேயே முதலாளிக்கு போன் போட்டு, ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அதற்கப்புறம் நான்கு நாள் அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் சங்கத்து அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைக் கேட்டதும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். அங்கே வக்கீலுக்குக் காசு கிடையாது. நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அடிக்கலாம். அங்கிருந்த வக்கீல் அம்மா முதலில் சொன்னது, கொத்தடிமையை மீட்கும் அதிகாரம் கலெக்டருக்கும் அவருக்குக் கீழே ஆர்.டி.ஓ.வுக்கும்தான் (வருவாய்க் கோட்டாட்சியர்), போலீஸ் துணைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்று. 1976ஆம் வருடச் சட்டம் அது. அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனே கிடையாது, ரத்து. கொத்தடிமை இல்லை என்று சொல்கிற முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும், நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் மூச்சு வந்தது.

மனு எழுதுவது என் தொழில். ஆறு பக்கம் டைப் செய்து கொண்டுபோனேன், எங்கள் கஷ்டம் எல்லாம் அதில் இருந்தது. வக்கீல் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, இதைப் படிக்கிற ஆபீசர் நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும், அதுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் எழுது" என்றார். எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, யார் கூட்டிப்போனது, அட்வான்ஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு, வெளியே போக விடுகிறார்களா, அடி உண்டா, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, இடம் எங்கே. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் கூலிக் கணக்கைத் தெளிவாக எழுதச் சொன்னார். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. இடம்தான் பெரிய தலைவலி, காட்டுக்கு என்ன கதவு எண் இருக்கும். முந்தின பொங்கலுக்கு போனில் பேசும்போது அக்காவின் மூத்த பையன், சாயங்காலம் கடைசி பஸ் எங்கள் கொட்டாய்க்குப் பக்கத்தில்தான் திரும்பும் என்று சொல்லி பஸ் நம்பரையும் சொல்லியிருந்தான். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். குறைதீர்க்கும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் நேராக ஆர்.டி.ஓ.விடமே மனு கொடுத்தோம், ஒரு காப்பி கலெக்டருக்கு. இரண்டு இடத்திலும் ரசீது வாங்கினோம்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குப் போனோம். ஆர்.டி.ஓ. மேடம், தாசில்தார், தொழிலாளர் துறை அதிகாரி, வி.ஏ.ஓ., போலீஸ், அடையாளம் காட்ட நான். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளியின் மகன் அங்கேயே நின்றான். தாசில்தார் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, உங்களை யாராவது அடித்து வேலை வாங்குகிறார்களா என்று கேட்டார். இல்லைங்க, நாங்களா இஷ்டப்பட்டுத்தான் இருக்கோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள், மாமாவும் சொன்னார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது.

அந்த இடத்தில் ஆர்.டி.ஓ. மேடம் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இங்கே விசாரணை வேண்டாம், எல்லோரையும் வண்டியில் ஏற்றுங்கள் என்றார். தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுவந்து இட்லி வாங்கிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் தூங்கினார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவிடம் அடித்தார்களா என்று கேட்கவில்லை. "ஊருக்குப் போகணும்னா போகலாமாம்மா?" என்று கேட்டார்கள். "போலாங்கம்மா, ஒருத்தர் போலாம். மாமனார் செத்தப்ப எங்க வூட்டுக்காரர மட்டும் வுட்டாங்க, என்னையும் புள்ளைங்களையும் வுடல" என்றாள். சொன்னது அவ்வளவுதான். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தார். ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவரை அனுப்புவதுதான் இவர்கள் பூட்டு, வேலியோ சங்கிலியோ தேவையில்லை. அதற்கப்புறம் அக்கா நிறுத்தவே இல்லை, ஒன்றரை மணி நேரம் பேசினாள். விசாரிக்கிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் கெஞ்சிக் கேட்கிறேன், முதலாளி கண் முன்னால் கேட்காதீர்கள், கேட்டால் எங்கள் ஆட்கள் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. கிளார்க் ஒருவர் வந்து, வண்டி ரெடி, நீங்கள் ஊருக்குக் கிளம்புங்கள், விடுதலைச் சான்று தபாலில் வரும் என்றார். கொத்தடிமையிலிருந்து மீட்டாயிற்று, கடன் இல்லை என்று அரசு எழுதித் தரும் காகிதம் அது. எங்கள் ஆட்களுக்கு எப்போது வீடு போய்ச் சேருவோம் என்றிருந்தது, எல்லோரும் எழுந்தே விட்டார்கள். வக்கீல் அம்மா போனில், விடுதலைச் சான்று கைக்கு வராமல் படி இறங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தோம். ராத்திரி பத்தே கால் மணிக்கு போட்டோ ஒட்டி, ஆர்.டி.ஓ. கையெழுத்தும் முத்திரையுமாக வந்தது. வாங்கிப் படித்தேன், சின்னவள் பெயரே இல்லை, மாமா பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தச் சொன்னேன். இந்த நேரத்தில் ஒரு எழுத்துக்காகவா என்று சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் திருத்திக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனிச் சான்று உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அதன் அருமை பத்து நாளில் தெரிந்தது. மேஸ்திரி எங்கள் தெருவுக்கே வந்து 62,000 ரூபாய் எங்கே என்று சத்தம் போட்டார். அக்கா உள்ளே போய்க் காகிதத்தைக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல் தூரத்தில் நின்றே காட்டினாள். படிக்கத் தெரியாதவள், "கடன் இல்லன்னு கவருமெண்டு எழுதியிருக்கு, வேணும்னா ஆர்.டி.ஓ.வ கேளு" என்றாள். அவர் போய்விட்டார்.

மீட்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் உடனடி உதவித்தொகை இப்போது ஒரு ஆளுக்கு 30,000 ரூபாய் வரை. வழக்கு முடிய வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது, மீட்ட மாவட்டம்தான் கொடுக்க வேண்டும், ஆனால் எங்கள் பைல் இரண்டு மாவட்டத்துக்கும் நடுவில் நான்கு மாதம் கிடந்தது. வாரம் ஒருமுறை போய் நின்றேன். பேங்கில் கணக்கு தொடங்கப் போனால் ஆதார் கேட்டார்கள், அட்டை முதலாளி வீட்டில் இருந்தது. புதிதாக எடுக்கலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனோம், அக்காவின் பத்து விரலையும் மெஷின் எடுக்கவில்லை. கோடாலியும் கரியும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. துணியை நனைத்துத் துடைத்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம், மூன்று நாள் வேலை செய்யாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். கடைசியில் கண்ணை வைத்துத்தான் எடுத்தது. உங்களுக்கும் ரேகை விழவில்லை என்றால் திரும்பி வராதீர்கள், கண்ணில் எடுங்கள் என்று சொல்லுங்கள். கையோடு பழங்குடிச் சாதிச் சான்றுக்கும் மனு போட்டுவிட்டோம், அதைக் கொடுப்பதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான்.

மறுவாழ்வுக்கான பெரிய தொகை வேறு. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற மிக மோசமான நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். இது முழுதாக வர வழக்கு முடிய வேண்டும். அதனால் எஃப்.ஐ.ஆர். எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் முதலில் கொத்தடிமைச் சட்டம் மட்டும்தான் போட்டார்கள். அதில் ஜாமீன் உடனே கிடைக்கும், அதிகபட்சம் 3 வருடம் ஜெயில், 2,000 ரூபாய் அபராதம். பொய் சொல்லி வண்டி ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனது ஆள்கடத்தல் அல்லவா? பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 370, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 143. ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தால் குறைந்தது 10 வருடம். அதையும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க வைக்க எஸ்.பி. ஆபீஸுக்கு மூன்று முறை மனுவோடு போனோம். சேர்த்த பிறகுதான் மேஸ்திரி பெயரும் குற்றவாளிகள் பட்டியலில் வந்தது. அதுவரை அவர் எங்கள் பஸ் ஸ்டாப்பில் அடுத்த குடும்பத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு ஒரு காது இன்னும் சரியாகவில்லை. நூறு நாள் வேலைக்கு அட்டை வந்திருக்கிறது, அது இல்லாத நாளில் உள்ளூரிலேயே கரும்பு வெட்டுக்குப் போகிறார், அன்றன்றைக்குக் கூலி, சாயங்காலம் வீடு. பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அடுத்த மாதம் அக்கா கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். "அந்த ஆளு எதுர்லதான் நிக்கணுமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். நானும் வருகிறேன், வக்கீல் அம்மாவும் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். சான்றின் ஒரிஜினலைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள் என்றேன். கொண்டுவருவாளாம், ஆனால் யார் கையிலும் விட்டுவிட்டு வர மாட்டாளாம், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கித் தருவதாக நான் இப்போதே சொல்ல வேண்டுமாம். கடையில் பத்து காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.