58,000 ரூபாய் சைக்கிளும் ஒரு டயல் கேஜும்

எனக்கு ஜாப் ஒர்க் தருகிற ஒரு பம்ப் கம்பெனியில் பர்சேஸ் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். போனில் ரேட் சொன்னால் "அதிகம்" என்றோ "குறைங்க" என்றோ எதுவும் சொல்ல மாட்டார். சும்மா இருப்பார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அஞ்சு விநாடி, பத்து விநாடி. அதற்குள் எனக்கே வாய் பொறுக்காமல், "வேணும்னா பீஸுக்கு ஒரு ரூபா குறைச்சுக்கலாங்க சார்" என்று விடுவேன். கோவை கணபதியில் ரெண்டு லேத் வைத்து 17 வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு தடவைகூட அவருக்கு நான் முதலில் சொன்ன ரேட்டுக்கு பில் போட்டதில்லை.

இப்படித் தோற்றே பழகினவன், போன நவம்பரில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு மவுண்டன் பைக்குக்கு விலை பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் தடாகம் ரோட்டில் மாங்கரை வரைக்கும் மிதிப்போம். தைரியம் இருக்கிற வாரம் அதையும் தாண்டி ஆனைகட்டி ஏற்றம். (தைரியம் என்றது காலுக்கு மட்டும் இல்லை. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்புவோம்.) என்னுடையது 26 இன்ச், இரும்பு ஃப்ரேம், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்தது. வாங்கும்போது அது பெரிய கெத்து. ஏற்றத்தில் மிதிக்கிற மிதியில் பாதியைப் பின் ஸ்பிரிங் தின்றுவிடும். மற்ற மூன்று பேரும் மேலே டீ குடித்து முடித்து டம்ளரைக் கழுவக் கொடுத்த பிறகுதான் நான் போய்ச் சேர்வேன்.

முதலில் போன கடையில் செய்யக்கூடாத அத்தனையையும் செய்தேன். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால், ஞாயிறு சாயங்காலம். கடை முழுக்கக் குழந்தைகள், ஓயாத பெல் சத்தம். வந்து நின்ற பையன் "பட்ஜெட் என்னங்ணா?" என்றான். நானும் கொஞ்சம் பெருமையாகவே "60க்குள்ள பாரு தம்பி" என்றேன். என்னிடம் ஒருத்தர் "பீஸு 40க்குள்ள வந்தாப் போதுங்க" என்று சொன்னால் நான் 39.50க்குத்தான் கொட்டேஷன் போடுவேன், 35க்கே கட்டுபடியானாலும். அது ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவன் காட்டிய மூன்று சைக்கிளும் 60க்கு மேல்தான் ஆரம்பித்தன.

அதில் ஒன்றின் பின் டெரெய்லரில், அதாவது கியர் மாற்றுகிற சாமானில், டியோர் என்று எழுதியிருந்ததை ரெண்டு தடவை தொட்டுக் காட்டினான். டியோர் நல்ல சாமான்தான். ஆனால் அதே சைக்கிளில் மிதிகட்டை மாட்டுகிற கிராங்குக்குப் பேரே இல்லை, முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் வெறும் ஸ்பிரிங், ஏற்றத்தில் அதை ஆடாமல் பூட்டுகிற லாக்-அவுட் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு நல்ல சாமானைப் போட்டு மிச்சத்தை ஒப்பேற்றுவது. எங்கள் தொழிலில் உள்ளே துருப்பிடித்த மெஷினுக்கு வெளியே பெயின்ட் அடித்து விற்பார்களே, அந்த ரகம். சைஸும் எல். என் உயரம் 5 அடி 8, எனக்கு எம் தான் சரி. "சீட்டை இறக்கிட்டா செட்டாயிருங்ணா" என்றான். சீட்டை இறக்கினால் உயரம் குறையும். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற நீளம் எப்படிக் குறையும்?

விலை 62,000. "ஆஃபர்ல 4,000 தள்ளுபடிங்ணா, தீபாவளி வரைக்குந்தான். அதுக்கு மேல ஒத்த ரூபா குறையாதுங்க" என்றான். கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் பொறி தட்டியது. மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவன் நான். சைக்கிளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம். அந்த 62,000 பழைய வரிக்கு அடித்த ஸ்டிக்கர். எழுந்து கால்குலேட்டரைத் தட்டினேன். 62,000ஐ 1.12ஆல் வகுத்து 1.05ஆல் பெருக்கினால் 58,125. வரி குறைந்ததிலேயே 3,875 ரூபாய் தானாக இறங்கிவிட்டது. ஆக, கடை தன் கையிலிருந்து எனக்காக விட்டுக்கொடுத்த தீபாவளித் தள்ளுபடி 125 ரூபாய். ஒரு கால் கிலோ மைசூர்பாகு வரும்.

அதன் பிறகு அவசரப்படவில்லை. டெகாத்லானுக்குப் போய் அங்கிருந்த ராக்ரைடர் மவுண்டன் பைக்குகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். அங்கே எழுதியிருக்கிற விலைதான் விலை, பேரம் கிடையாது. பேரம் பேச முடியாத கடையை முதலில் பார்த்துவிடுவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. இன்ன விலைக்கு இன்ன ஃபோர்க், இன்ன பிரேக் கிடைக்கும் என்று மனசில் ஒரு அளவுகோல் விழுந்துவிடுகிறது. அங்கேயே வாங்கியிருப்பேன், என் சைஸில் எனக்குப் பிடித்தது அன்றைக்கு இல்லை.

தீபாவளி போனது. போனஸ் காசெல்லாம் கரைந்து, நல்ல மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் வேறொரு கடைக்குப் போனேன். மழைநாளில் யாரும் சைக்கிள் வாங்க வர மாட்டார்கள். கடையில் ஓனரும் மெக்கானிக்கும் மட்டும். நான்தான் போணி என்பது அவர் "வாங்ணா, வாங்ணா" என்று எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. பட்ஜெட் கேட்டார். "பாக்கலாங்க, வண்டி புடிக்கோணுமில்ல" என்று மட்டும் சொன்னேன்.

ஓரமாக ஒன்று நின்றது. 29 இன்ச் சக்கரம், அலுமினிய அலாய் ஃப்ரேம், எம் சைஸ். ஆல்டஸ் கியர், முன்னால் 2, பின்னால் 9. டெக்ட்ரோ ஹைட்ராலிக் பிரேக், 100 மில்லிமீட்டர் அமுங்குகிற சன்டூர் எக்ஸ்சிஎம் ஃபோர்க், லாக்-அவுட்டோடு. பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைக் குனிந்து பார்த்தேன். பல்சக்கரங்களை மரை போட்டு முடுக்குகிற ஃப்ரீவீல் இல்லை, ஹப்பில் செருகுகிற கேசட். மலிவு சைக்கிள்களில் ஃப்ரீவீல்தான் வரும். அதில் வலது பக்க பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி உட்காரும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அச்சு பள்ளத்தில் குதித்துக் குதித்து ஒருநாள் வளையும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடும். இதை யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

ஸ்டிக்கரில் எம்ஆர்பி 58,000. எல்லோரும் விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதே ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், சட்டப்படி இருக்க வேண்டும். இதில் 08/2023.

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே?"

"சைக்கிள் என்ன தக்காளிங்களாண்ணா, அழுகிப் போறதுக்கு?"

"அலாய் அழுகாதுங்க. ஃபோர்க் சீல் காயும். டயர் இறுகும்."

சிரித்துவிட்டார். கொரோனா நேரத்தில் சைக்கிளே கிடைக்காமல் ஆட்கள் சண்டை போட்டார்களாம். அந்த நம்பிக்கையில் அடுத்தடுத்து ஆர்டர் போட்டு, சரக்கு வந்து சேர்ந்தபோது கேட்க ஆள் இல்லை. 2023இல் உலகம் முழுக்க சைக்கிள் குடோன்கள் அப்படித்தான் நிரம்பிக் கிடந்தன. இந்த மாடலில் மூன்று எடுத்தாராம், ரெண்டு இன்னும் நிற்கிறது. டிஸ்பிளேயில் இருப்பதில் கீறல் இருந்தது. மற்றது பொட்டி பிரிக்காதது.

நான் கேட்காமலேயே கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். "வரி குறைஞ்சது போக 54,375 வருதுங்ணா. அது உங்குளுது. எம்பங்குக்கு இன்னும் விட்டு, 52 போட்டுக்குங்க." வரியைத் தனியாகப் பிரித்துச் சொன்ன இடத்தில் அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. மரியாதை வந்தால் பேரம் பேச வராது. அதனால் என் பர்சேஸ் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே தகரத்தில் மழை அடிக்கிற சத்தம். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சரிங்ணா, 50."

இத்தனை சுலபமா என்று எனக்கே அதிர்ச்சி. 17 வருஷத்தில் எத்தனை ரூபாயை இப்படி விட்டிருப்பேன்!

ஆன்லைனில் அதே மாடல் 49,000க்கு இருந்ததைக் காட்டினேன். "அது பொட்டில வரும். பூட்டறதுக்கு எங்கிட்டத்தான வருவீங்க?" என்றார். நியாயம்தான். நான் 45 என்றேன்.

"45க்கு அடக்கமே வராதுங்ணா."

இந்த வசனத்தை நானும் சொல்வேன். பொய்யாகச் சொல்லும்போது கேட்டவுடனே சொல்லிவிடுவேன். நிஜமாகவே அடக்கம் வராதபோது காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்வேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, விரல் வைத்துத் தேடி, பார்த்து, மூடிவிட்டுச் சொன்னார்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். 47,500க்கு முடிந்தது. இன்னும் ஒரு ஆயிரம் கசக்கியிருக்கலாம் என்று கூட வரும் நண்பர்கள் சொல்கிறார்கள். என்னை ரொம்பக் கசக்கினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். லேத்தில் மழுங்கின கட்டிங் டிப்பை இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவேன். சைக்கிள் கடையில் அந்த ரெண்டு நாள் பூட்டுகிற வேலையில் விழும். பிரேக்கும் ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான ஹெட்செட்டும் அவசரத்தில் பூட்டப்படுவதற்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எனக்கு ஆசை இல்லை.

அதற்குப் பதிலாக மற்றதைப் பேசினேன். சைக்கிளில் விட்டதைக் கடைக்காரர்கள் ஹெல்மெட், பூட்டு, லைட்டில் பிடித்துவிடுவார்கள். அந்த மூன்றும் என்னிடம் ஏற்கனவே இருந்தது, வாங்கவில்லை. ஸ்டாண்ட், பெல், பாட்டில் கேஜ் சும்மா. நின்றுகொண்டு அடிக்கிற பம்ப் அடக்க விலைக்கு. மூன்று இலவச சர்வீஸ், அது பில்லிலேயே எழுதி வேண்டும். கிராங்க் அச்சுக்குக் கீழே ஃப்ரேமில் அடித்திருக்கிற நம்பரும் பில்லில் வேண்டும், நாளைக்கு வாரன்டி என்று போனால் அதுதான் முதலில் கேட்பார்கள். கார்டு என்றால் 2 சதவீதம் சேர்த்துப் போடுவேன் என்றார், அதாவது 950 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். கடைசியாக ஒன்று: பொட்டிப் பீஸை என் கண் எதிரில் பூட்ட வேண்டும், கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

"சாயங்காலம் வாங்ணா" என்றார்.

போனேன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆட்டத்தையும் முள்ளில் காட்டுகிற டயல் கேஜைக் கையில் எடுத்துக்கொண்டு. சிரிக்காதீர்கள், அது எனக்குப் பழக்கம். சக்கரம் ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்தால் எனக்குத் திருப்தி வராது. மேக்னட் பேஸை ஃப்ரேமில் வைத்தேன், வழுக்கி மெக்கானிக்கின் கால் பக்கத்தில் விழுந்தது. அலாயில் காந்தம் ஒட்டாது என்பதை லேத் ஓட்டுகிற ஒருத்தன் மறந்த நாள் அது. நல்லவேளை, சக்கரத்தில் கோணல் எடுக்கிற ஸ்டாண்ட் இரும்பு. அதில் ஒட்டவைத்து ரிம்மைச் சுற்றினால் 1.2 மில்லி ஆட்டம். மெக்கானிக் பையன் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்போக்குகளைக் கால் திருப்பு, அரைத் திருப்பாகப் பிடித்து 0.3க்குக் கொண்டுவந்தான். அந்த வேலைக்கு நான் தனியாக 200 கொடுத்தேன். அது பேரத்தில் சேராது.

ஓனர் கையைக் கட்டிக்கொண்டு இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, பட்டறை வச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்றேன். உள்ளே கூட்டிப்போய் ஒரு மரக்கட்டையையும் சுத்தியலையும் காட்டினார். ஹெட்செட் கப்பை இன்னும் அப்படித்தான் தட்டி ஏற்றுகிறார்கள். கொஞ்சம் கோணலாகப் போனால் ஃப்ரேமே போச்சு. வெளிநாட்டு டூல் கட்டுபடியாகவில்லையாம். எனக்குப் பார்த்தவுடன் வேலை புரிந்தது. ஒரு மரை போட்ட ராடு, ரெண்டு பக்கமும் நட்டு, நடுவில் படி எடுத்த புஷ், மேல் கப்புக்கு 44, கீழ் கப்புக்கு 56. முடுக்க முடுக்க நேராக ஏறும். இஎன்8 ஸ்டீலில் அரை நாள் வேலை.

"ரேட்டு எவ்ளோங்ணா ஆகும்?"

"1,800ங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை மறுபடி பிடித்திருந்தது. அஞ்சு விநாடி. பத்து விநாடி.

1,650க்குச் செய்து கொடுத்தேன்.