குதிகாலில் ஒரு சிவப்பு

விடியற்காலை ரவுண்டில் அந்த அம்மாவின் குதிகாலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை.

கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டேன்.

டிஎன்பி என்ற நர்சிங் பணிக்கான முனைவர் படிப்பில் சேர்வதற்கு முன் அதோடு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். இப்போது இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: எங்கள் வார்டில் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பிஎச்டி புதிய அறிவைத் தேடும். டிஎன்பி, ஏற்கெனவே நிரூபணமானதைக் கட்டில் வரை கொண்டுவரும். அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் 2004-இல் இதை ஆதரித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் படிப்புக்கு, இளநிலைக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மணிநேரக் களப்பயிற்சி கேட்கிறார்கள். சம்பளத்துக்குப் பார்க்கும் ஷிப்ட் பெரும்பாலும் அதில் சேராது.

சரி, தரம் முக்கியம்தான். ஆனால் ஷிப்டில் கற்பதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்தால் இன்னும் எத்தனையோ நர்சுகள் படிக்க வருவார்கள்.