கூண்டில் ஏறி நின்ற அந்த முக்கால் மணி நேரம்

2021 மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு விபத்து. நான் ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், பின்னால் டமார் என்று சத்தம், திரும்பினால் லோடு வண்டி பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிற்கிறது, பைக்கில் வந்தவர் மண்ணில் கிடக்கிறார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அன்று இரவு போலீஸ் என்னிடம் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அதனால் என்ன எழுதியிருக்கிறது என்றே நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து சம்மன் வந்து கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனபோதுதான் அரசு வக்கீல் படித்துக் காட்டினார்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதை நேரில் பார்த்தேன்." எனக்குத் திக்கென்றது. மோதியதை நான் பார்க்கவே இல்லையே. "சார், நான் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்" என்றேன். "பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். ஆனால் வராந்தாவில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். "அண்ணா, உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்றார்.

முதல் வாய்தாவில் விசாரிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை கோர்ட் ஊழியரான டபேதார் என் பெயரைக் கூப்பிட்டார். சினிமாவில் வருகிற மாதிரி கீதையைத் தொடச் சொல்வதெல்லாம் கிடையாது. 1969 சத்தியப் பிரமாணச் சட்டப்படி கடவுள் பெயரால் சொல்லலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. அந்த 'முழு' என்ற வார்த்தைதான் எனக்கு உறைத்தது. பொய்ச் சாட்சி சொன்னால் ஏழு வருஷம் வரை சிறை என்பது முன்பே தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது நினைவிலேயே இல்லை, அந்த அம்மாவின் முகம்தான் இருந்தது.

அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் சத்தம் கேட்டதையும் திரும்பியதையும் கண்ணில் பட்டதையும் சொன்னேன், வேகம் பற்றி வாயே திறக்கவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நேராக அங்கேதான் வந்தார்.

"மோதியதை நீங்கள் பார்க்கவில்லை?"

"பார்க்கவில்லை."

"வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்றும் தெரியாது?"

"தெரியாது. ஆனால் வண்டியின் இடது சக்கரம் இரண்டும்..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

நீதிபதி தலை நிமிர்ந்து, "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றார். இடது சக்கரம் இரண்டும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இருந்ததையும், பைக்காரர் அதற்கும் அந்தப் பக்கம் கிடந்ததையும் சொன்னேன். தட்டச்சு செய்தார்கள். அப்புறம், நான் சம்பவ இடத்திலேயே இல்லை, போலீஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், மறுத்தேன். அது எழுத்தில் "என்று சொன்னால் சரியல்ல" என்று வந்தது. சாட்சியத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் படியுங்கள், அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

வெளியே அந்த அம்மா எழுந்து வந்தார். "என்ன சொன்னீங்கண்ணா?" உள்ளே சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மண்ணுலதான் கெடந்தாரா, ரோட்டுல இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.