டிக்கெட்டில் அந்த யு.டி.எஃப். வரியையும் பாருங்கள்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை பக்கம் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத தெரு அபூர்வம். ஏஜென்ட் கொடுக்கும் டிக்கெட் தாளில் நாம் பார்ப்பதெல்லாம் தேதி, நேரம், எத்தனை கிலோ லக்கேஜ், மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். நடுவில் சின்ன எழுத்தில் யு.டி.எஃப். என்று ஒன்று இருக்கும். விமான நிலையத்துக்காக நம்மிடம் பிடிக்கும் கட்டணம் அது. வெளிநாடு போகிறவருக்கு உள்நாட்டுப் பயணியைவிட அதிகம்.

நிலையம் கட்டிய செலவு, நடத்தும் செலவு, போட்ட முதலுக்கு ஒரு லாபம், எல்லாவற்றையும் கூட்டி வரப்போகும் பயணிகள் தலையில் பிரித்து வைப்பதுதான் இதன் கணக்கு. உள்ளே இருக்கும் கடை வாடகை, விளம்பரம் போன்ற வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் இந்தக் கட்டணத்தைக் குறைக்க எடுத்துக்கொண்டால் போதும் என்று 2016 விமானக் கொள்கை சொல்கிறது. மீதி 70? அது நடத்துபவருக்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அந்தக் கடைகளில் காசு போடுவதும் நாம்தானே!

திருச்சியில் 1,100 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டி 2024 ஜனவரியில் திறந்துவைத்த புது டெர்மினல் நன்றாகவே இருக்கிறது, பழைய இடத்து நெரிசலைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். வசதிக்குக் காசு கேட்கட்டும். ஆனால் செலவு ஏறுகிறது, செலவு ஏறுகிறது என்று சொல்லும் இதே துறையில் மேலே இருப்பவர்களின் சம்பளத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானக் கம்பெனி கொரோனா நேரத்தில், பெட்டி ஏற்றி இறக்கும் ஆட்கள் உட்பட 1,700 பேருக்கு மேல் வேலையைப் பறித்து ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தது. அது சட்டவிரோதம் என்று 2023-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு பதவியை விட்ட கம்பெனியின் தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸுக்கு முதலில் போட்ட சம்பளத் தொகை 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஊரே கொதித்த பிறகுதான், 2024-இல், அதில் 90 லட்சத்துக்கு மேல் வெட்டினார்கள். வெட்டிய பிறகும் மிஞ்சியது, பெட்டி தூக்கிய ஒருவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் பார்க்க முடியாத பணம்.

சரி, நம்மால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்தாலோ போக முடியாமல் போனாலோ, யு.டி.எஃப். பணத்தையும் அரசு வரிகளையும் இந்திய விமானக் கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று விற்கும் 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டுக்கும் இது உண்டு. எங்கள் சித்தப்பா மகனுக்கு விசா தள்ளிப்போனபோது ஏஜென்ட் "ஒரு பைசா வராது தம்பி" என்று அனுப்பிவிட்டார். நகையை அடகு வைத்து எடுத்த டிக்கெட் அது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் விட்டுவிடாதீர்கள், பி.என்.ஆர். எண்ணைப் போட்டு விமானக் கம்பெனிக்கே நேரடியாக மெயில் எழுதிக் கேளுங்கள்.