ஓடித் தாவும் மேடு

வளைத்து வைத்த மூக்கு மூன்றாவது தடவையாக நேராகிவிட்டது.

ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரி, 350-இல் ஒரு பங்கு. நிஜக் கப்பல் 262 மீட்டர், என் மேசையில் 75 சென்டிமீட்டர், வரைபடம் எவன் தருவான், போட்டோ பார்த்து வெட்டிய பிளாஸ்டிக் தாள்தான். தளத்தின் மற்ற பகுதி சீக்கிரம் முடிந்தது. முன்னால் மேலே எழும் அந்த 14 டிகிரி வளைவுதான் உயிரை வாங்குகிறது. வெந்நீரில் முக்கி, இட்லிப் பானை மேல் அழுத்திக்கூடப் பார்த்தாயிற்று.

"கப்பலுக்கு எதுக்குடா ஏத்தம்?" என்றார் அம்மா.

விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் இதில் கிடையாதும்மா, ஓடி ஏறித் தாவினால்தான் உண்டு என்றேன்.

அப்புறம் உப்புத்தாளை வைத்துவிட்டு ஒரு மாலுமியைச் செதுக்கினேன். ஐந்து மில்லிமீட்டர். அவனை அங்கே நிறுத்திய பிறகுதான், அது எவ்வளவு பெரிய மேடு என்று உறைத்தது.