மாற்றிய இடுப்பை மறுபடி மாற்றிய கதை

திருவொற்றியூரில் முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறேன். ஷாப்ட்டும் புஷ்ஷும் ஆயில் இல்லாமல் உரசினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியால் துடைத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டும். 2017-இல் என் இடுப்பைத் திறந்தபோது எடுத்த போட்டோவை டாக்டர் போனில் காட்டினார். அதே நிறம். என் சதை மேல்.

செயற்கை இடுப்பு மூட்டு வைத்த முதல் ஆபரேஷன் 2008-இல். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போயிருந்தது. வயசு 44தான், பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்துவிடும், உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் ரொம்ப நாள் உழைக்கும் என்றார்கள். அப்போது நிறையப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். 2010 ஆகஸ்டில் இந்த மாதிரி இடுப்புகளில் ஒரு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேருக்கு அதை வைத்திருந்தார்கள். பைலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். என்னுடையது வேறு. நிம்மதியாகப் பைலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதுதான் தப்பு. பெயர் வேறாக இருந்தாலும் உரசுவது உலோகமும் உலோகமும்தானே! தொழில் தெரிந்த எனக்கே அது உறைக்கவில்லை.

உதிரும் கோபால்ட்டும் குரோமியமும் சுற்றியுள்ள சதையை அரிக்கும், ரத்தத்திலும் கலக்கும். வலி இல்லாமலே இது நடக்கும். பிரிட்டனில் ரத்தத்தில் இது லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினாலே உஷாராக இருக்கச் சொல்கிறார்கள். தொடை இடுக்கு வீங்கி நான் போனபோது எனக்கு கோபால்ட் 41.

தொடை எலும்புக்குள் இருந்த தண்டு இறுக்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, கிண்ணத்தையும் பந்தையும் மாற்றினார்கள். இப்போது செராமிக் பந்து, பிளாஸ்டிக் உறை. ஒரு மாதத்தில் பழைய வலி போய்விட்டது. கோபால்ட் ஒரு வருஷத்தில் 2-க்கு இறங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்து என் மனைவி அழுதேவிட்டாள்.

ஆனால் தசை திரும்பி வரவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைத் தாங்குகிற பக்கவாட்டுத் தசையில் பாதி அழுகிப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிடிமானம் இல்லாத மூட்டு நழுவும். ஏழாவது வாரம் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பு வார் மாட்டக் குனிந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து இழுத்துப் பொருத்தினார்கள். அப்புறம் நழுவவில்லை, ஆனால் தரையில் உட்காருவதை அன்றோடு விட்டேன். காசிமேட்டில் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, "இன்னாண்ணா, ஒரு பக்கமா சாஞ்சிக்கினே வரீங்க?" என்று இன்னமும் கேட்கிறார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா தசை மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர். ரிவிஷன், அதாவது மாற்றிய மூட்டை மறுபடி மாற்றுகிற ஆபரேஷன், எப்படி முடியும் என்பது பெரும்பாலும் புது மூட்டைப் பொறுத்தது இல்லை, திறக்கும்போது உள்ளே எவ்வளவு சதை மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம். உலோகத்தின் நிழல் மறைக்காதபடி எடுக்கிற எம்.ஆர்.ஐ.யும் உண்டு.

எண்ணூரில் இருக்கும் என் மச்சானுக்கும் 2009-இல் இதே உலோக இடுப்புதான் வைத்தார்கள். ஒரு வலியும் இல்லை மாமா, எதுக்கு வீண் செலவு என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ரிசல்ட் வியாழக்கிழமை வரும்.