அடுத்தவர் மாடு, நம்ம கட்டுத்தறி

வெள்ளகோவிலில் இருந்து தாராபுரம் போகிற வழியில், ரோட்டை விட்டு இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற பாதையில், ஒரு கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. உழுது விதைக்கிற காடு இல்லை, மாடு மேய்கிற காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், அவ்வளவுதான். மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் வெள்வேலங்காய். அப்பா காலத்தில் எங்கள் மாடுகள் மேய்ந்தன. இப்போது அங்கே நிற்பதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ஆரம்பித்து வைத்தவர் மாமா. முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, "ரெண்டு மாசம் உன் காட்டுல நிக்கட்டும் மாப்பிள்ளை" என்று ஒரு மயிலைப் (சாம்பல் நிறப்) பசுவைக் கொண்டுவந்து விட்டார். ரெண்டு மாசம் ஒன்றரை வருசமானது. சொந்தக்காரரிடம் காசு பேச முடியுமா? பால் அவருக்கு, சாணி எனக்கு என்று ஓடியது. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுகிற பழைய வழக்கத்திலாவது ஒரு கணக்கு உண்டு: ஒருவர் கிடாரி வாங்கிக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், ஈன்றதும் விலை பேசி ஆளுக்குப் பாதி. மாடு செத்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் டவுனில் இருந்து நிறையப் பேர் நாட்டு மாடு வாங்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை சந்தைக்கு வந்து, திமிலையும் கொம்பையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடுவார்கள், அப்புறம்தான் கட்ட இடமில்லை என்பது ஞாபகம் வரும். அப்படி வந்தவர்தான் கோயமுத்தூர் தம்பி ஒருவர், அபார்ட்மெண்டில் குடியிருப்பவர், கையில் ஒரு சினை மாடு. எனக்கும் வருமானம் வேண்டும். மாட்டை என் காட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாசம் 2,500 ரூபாய் என்று பேசினோம். இன்றைக்கு உருப்படிக்கு 4,000 வாங்குகிறேன்.

காட்டில் புல் இருக்கும்வரை அதில் ஏதோ மிஞ்சும். மாசியில் காய்ந்துவிட்டால் கணக்கு தலைகீழ். ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஆறேழு கிலோ சோளத்தட்டு, ஒரு பிடி தாது உப்பு, கொஞ்சம் பருத்திக்கொட்டை, வெயில் காலத்தில் 40, 50 லிட்டர் தண்ணீர். தண்ணீரை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை, கிணறு வற்றி டேங்கர் சொல்லும்போதுதான் தெரியும். காட்டை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி விட்டாலும் என் நாலு ஏக்கருக்கு மூன்று உருப்படிதான் தாங்கும். ஒரு வருசம் ஆசைப்பட்டு ஐந்து ஏற்றினேன். புல் வேரோடு போய்விட்டது, பழையபடி வர ரெண்டு ஐப்பசி ஆனது.

கோயமுத்தூர் தம்பியின் மாடு ஈன்றது ஒரு விடியற்காலையில். கிடாரிக் கன்று. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன். "அண்ணா, கன்னு செவப்பா இருக்குதுங்களே, மாடு மயிலைதானுங்களே, நல்லாப் பாத்தீங்களா?" மாற்றிவிட்டேனோ என்கிற சந்தேகம் அந்த "நல்லா"வில் இருந்தது. காங்கேயம் இனத்துக் கன்று பிறக்கும்போது பெரும்பாலும் செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாசம் போல ஆனால் நிறம் மாறி மயிலைக்கு வரும் என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது. அதிலிருந்து மாசாமாசம் ஒரே இடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ அனுப்பினேன். நாலாவது மாசம் கழுத்தோரம் வெளுக்க ஆரம்பித்தது, முதுகு கடைசிவரை துருப்பிடித்த மாதிரி நின்றது. ஏழாவது மாச போட்டோவுக்கு ஒரு கைகூப்பு மட்டும் பதிலாக வந்தது. பால் விஷயத்திலும் இதே கதைதான். வேளைக்கு ஒன்றேகால் லிட்டர் கறக்கிற மாட்டை வைத்துக்கொண்டு, கன்றுக்கும் விட்டு, கோயமுத்தூருக்கு எங்கே இருந்து அனுப்புவது?

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. நான் பயந்தது போன ஆவணியில். பக்கத்துக் காட்டில் தட்டுச்சோளம் அறுத்திருந்தார்கள். நடுவில் ஒரு தூறல் போட்டுவிட்டு மழை நின்றுவிட்டதால் கட்டையில் இருந்து முழங்கால் உயரத்துக்கு மறுதாம்பு துளிர்த்து அப்படியே வாடி நின்றது. பூ எடுக்காத இளஞ்சோளமும், வாடின துளிரும் மாட்டுக்கு விஷம், உள்ளே சயனைடு இருக்கிறது என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். கிளுவை வேலியில் ஒரு செடி பட்டுப்போய்ச் சந்து விழுந்திருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது. சாயங்காலம் தொட்டிக்கு ரெண்டு மாடுதான் வந்தன. தேடிப்போனால் தம்பியின் பசு அங்கே வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எச்சில் ஒழுக, பின்னங்கால் தள்ளாடி நிற்கிறது.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962-க்கு அடித்தேன். வெல்லம் கரைத்து ஊற்று என்றார் ஒரு பெரியவர். மூச்சுத் திணறுகிற மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடுமோ என்று பயந்து ஊற்றவில்லை. நல்ல நேரம், ஆம்புலன்ஸ் வேறொரு வேலையாகப் பக்கத்து ஊரில்தான் இருந்தது. டாக்டர் கண் இமையை விரித்துக் காட்டினார், ரத்தச் சிவப்பாக இருந்தது. நரம்பில் ஊசி ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது, ராத்திரி பத்து மணிக்கு மாடு தானாக எழுந்து நின்றது. அதற்கு நடுவில் தம்பிக்கு ஒன்பது தடவை போன் அடித்திருக்கிறேன். எடுக்கவில்லை, மீட்டிங்காம். மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னைக் கேக்காம ஏங்ணா ஊசி போட்டீங்க?"

கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவசரத்தில் யார் முடிவெடுப்பது என்று நாங்கள் பேசவே இல்லை. தீவனக் காசை மட்டும் பத்து தடவை பேசியிருந்தோம். இப்போது மாடு உள்ளே வருமுன்னே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். வைத்தியம் என் முடிவு, செலவு அவர்களுடையது, என் வேலி விட்டதால் வந்தது என்றால் செலவும் என்னுடையது. பருவத்துக்கு வந்தால் காளைக்கா சினை ஊசிக்கா என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நாள் போய்விடும், அப்புறம் 21 நாள் காத்திருக்க வேண்டும். காதில் 12 இலக்க வில்லை இல்லாத மாட்டைச் சேர்ப்பதில்லை. இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் அந்த எண்தான் கேட்பார்கள், கோமாரித் தடுப்பூசி போட்டதும் அதில்தான் பதிவாகும். புதிதாக வருகிற மாடு மூன்று வாரம் கட்டுத்தறியின் மறுகோடியில் தனியாக நிற்கும், அதற்குத் தனித் தொட்டி.

இந்த நோட்டைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா மட்டும் கையெழுத்துப் போடவில்லை, அவரிடம் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. கோயமுத்தூர் தம்பி போட்டார், அந்த ஊசிச் செலவை நான் வாங்கவில்லை.

அடுத்த வாரம் ஈரோட்டில் இருந்து ஒருவர் ரெண்டு காரிக் (கருநிறக்) கன்றுகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காட்டில் இன்னும் புல் துளிர்க்கவில்லை. மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.